எட்டாயிரத்தில் நின்ற சத்தம்

பூபாலன் வேலம்பாளையத்தில் புது வீடு கட்டியபோது மாடியில் ஓர் அறைக்கு மட்டும் ஜன்னல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிக் கொடுத்தார். அது படம் பார்ப்பதற்கான அறை. பதினேழு வயதில் காதர்பேட்டைப் பக்கம் ஒரு நிட்டிங் பட்டறையில் மிஷினுக்கு நூல் கோன் மாட்டுகிற வேலைக்குச் சேர்ந்தவர் அவர். முப்பத்தைந்து வருஷம் கழித்து, பனியன் துணி பின்னுகிற பன்னிரண்டு மிஷின்கள் ஓடும் சொந்தப் பட்டறை வைத்திருந்தார். இத்தனை வருஷத்தில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது எது என்று யாராவது கேட்டால் அந்த ஹோம் தியேட்டரைத்தான் காட்டுவார்.

அதைப் பொருத்திக் கொடுக்க அவிநாசி ரோட்டுக் கடை ஒன்றிலிருந்து வேல்குமார் வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். வேலையில் சுத்தமானவன். ஒயர் வெளியே தெரியாமல் சுவரோரமாக இழுத்தான். ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தான். சோபாவில் உட்கார்ந்தால் காது வருகிற உயரத்தில் ஒரு சின்ன மைக்கை நிறுத்தி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஸ்பீக்கர்களை இயக்குகிற ரிசீவர் பெட்டியைக் கொண்டே அறையில் சத்தத்தை அளந்தான். உள்ளே புஸ் புஸ்ஸென்று சத்தம் வந்து அடங்கியது. பிறகு கதவைத் திறந்து, இனி ரிசீவரே எல்லாவற்றையும் சரிசெய்துகொள்ளும், நீங்கள் எதையும் தொட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

பூபாலன் அன்று மாலையே தொட்டார். படத்தில் அடியும் வெடியும் நெஞ்சை அதிர வைத்தன. ஆனால் ஆட்கள் பேசுவதெல்லாம் வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. பாட்டில் ஜால்ரா எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வேல்குமாரைக் கூப்பிட்டார். அவன் வந்து கேட்டுப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றான். இவர் இல்லை என்றார். இரண்டாம் தடவை வந்தபோது அவன் ரிமோட்டை இவர் கையில் கொடுத்து, ஈக்வலைசரைத் திரையில் திறந்து காட்டினான். ஒன்பது கோடுகள் வரிசையாக நின்றன. இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் போகப் போக மெலிந்த கீச்சுச் சத்தம், நடுவில் மனிதப் பேச்சு என்று விளக்கினான்.

"கடைசி மூணு கோட்டை மட்டும் எச்சா ஏத்திராதீங்ணா. காது கூசும்" என்றான்.

அவன் பைக் தெருமுனை திரும்புவதற்குள் பூபாலன் அந்த மூன்று கோடுகளையும் உச்சிக்கு ஏற்றிவிட்டார். ஏற்றியதும் பேச்சு தெளிந்தது. ஜால்ரா வந்தது. இத்தனை நாள் இவனுக்கு வேலை தெரியாமல் நம்மை அலைய விட்டானே என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் மனைவி சித்ராதேவி அந்த அறைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள். தலைவலி என்பாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் தமிழ்மதி பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் படிக்க வேண்டும் என்று எழுந்து போய்விடுவாள். நல்ல சத்தத்தைக் கேட்கிற ருசி இவர்களுக்கு இல்லை என்று பூபாலன் முடிவு செய்தார். தமிழ்மதி பேசுவதே அவருக்குப் பிடிபடாது. வாய்க்குள்ளேயே பேசுகிறாள் என்று அவளை எட்டாம் வகுப்பிலிருந்தே திட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து அவருடைய அக்கா குப்பாயி வந்தாள். சித்ராதேவியின் தம்பி முருகேஷும் மனைவி அனிதாவோடும் ஐந்து வயது மகளோடும் வந்திருந்தான். கறிச்சாப்பாடு முடிந்ததும் எல்லோரையும் மாடிக்கு அழைத்துப் போனார் பூபாலன். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, ஒரு சண்டைப் படத்தைப் போட்டார். கண்ணாடி உடைகிற காட்சி வந்தபோது குழந்தை காதைப் பொத்திக்கொண்டு வீறிட்டு அழுதது. முருகேஷ் விளக்கைப் போடச் சொன்னான்.

"மச்சான், சத்தம் ஊசியாட்டம் குத்துதுங்க. ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறாட்ட இருக்குது" என்றான்.

சாப்பிடும்போது அரை மணி நேரம் அந்த ஸ்பீக்கர்களைப் பற்றித்தான் பூபாலன் பேசியிருந்தார். முகம் சூடாகிவிட்டது. கோளாறு என்று ஒருவன் வாயால் கேட்டதும், இத்தனை நாள் மனதில் ஓரமாகக் கிடந்த சந்தேகம் எழுந்து நின்றது. முதல் நாளே சத்தம் சரியில்லை. ஒரிஜினல் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிட்டுப் போயிருப்பானோ? அங்கேயே நின்று வேல்குமாருக்குப் போன் போட்டு, உடனே வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விடுமுறை. இருந்தாலும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டான். திரையில் ஈக்வலைசரைத் திறந்து பார்த்ததும் அவனுக்கு விஷயம் புரிந்தது. கோடு ஏறியிருக்கிறது, அதனால்தான் குத்துகிறது என்று சொல்லி, மூன்றையும் பழையபடி நடுவுக்கு இறக்கினான். படம் ஓடியது. முருகேஷ் இப்போது நன்றாக இருக்கிறது என்றான். அனிதாவும் தலையாட்டினாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தது.

பூபாலனுக்கு மறுபடியும் வாயில் துணி வைத்த பேச்சுதான் கேட்டது. அத்தனை பேரும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல, தனக்கு மட்டும் இல்லை என்பது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது.

"ஒரிஜினல் ஸ்பீக்கர் எங்க தம்பி?" என்றார்.

வேல்குமாருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவன் முகம் சிறுத்துவிட்டது. இதுதான் ஒரிஜினல் என்றான். ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றி உள்ளே கம்பெனி முத்திரையைக் காட்டினான். முத்திரையெல்லாம் காதர்பேட்டையில் அச்சடித்து வாங்கலாம் என்றார் பூபாலன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து ரிசீவரில் சொருகினான்.

"சத்தம் ஒவ்வொண்ணா வருமுங்ணா. கீழிருந்து மேல போகும். நீங்களே கேட்டுப் பாத்துக்கங்க" என்றான்.

திரையில் ஒவ்வொரு சத்தத்தின் அதிர்வெண்ணும் தெரிந்தது. ஐந்நூறில் சங்கு ஊதுகிற மாதிரி ஒரு சத்தம். ஆயிரத்தில் அதைவிட மெல்லியது. இரண்டாயிரத்தில் விசில். நாலாயிரத்தில் அந்த விசில் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது போல பூபாலனுக்குத் தோன்றியது. எட்டாயிரம் என்று எண் மாறியது. அறை நிசப்தமாகிவிட்டது.

"நின்னு போச்சு பாரு" என்றார் பூபாலன்.

யாரும் பேசவில்லை. குழந்தை மறுபடியும் காதைப் பொத்திக்கொண்டது. அனிதா அதன் முகத்தை மடியில் புதைத்துக்கொண்டாள். முருகேஷ் பூபாலனை ஒரு மாதிரியாகப் பார்த்தான். குப்பாயி தரையைப் பார்த்தாள். இத்தனையும் பூபாலன் கண்ணில் பட்டது. கையும் களவுமாக ஒருவன் பிடிபட்டதைக் கண்டு எல்லோரும் திகைத்துப் போயிருக்கிறார்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார்.

"பாத்துட்டீங்கல்ல எல்லாரும்? எட்டாயிரத்துல ஒண்ணுமே வரல. நல்ல ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போயிட்டு, ஓட்டை டப்பாவை மாட்டி உட்டுட்டான் இந்தத் திருடன்."

வேல்குமார் முருகேஷைப் பார்த்தான். குப்பாயியைப் பார்த்தான். சித்ராதேவியைப் பார்த்தான். கடைசியில் வாசற்படியில் நின்ற தமிழ்மதியைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அவன் குனிந்து ரிமோட்டை எடுத்து ஒரு பொத்தானை அமுக்கினான். குழந்தை காதிலிருந்து கையை எடுத்தது.

"ஆமாங்ணா. ஸ்பீக்கர் போயிருச்சு. கழட்டிட்டுப் போயி மாத்திக் குடுக்கச் சொல்றேன்" என்றான்.

முன்னால் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் தனியாளாகவே கழற்றி, ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துப் படியிறங்கினான். உதவப் போன தமிழ்மதியைப் பூபாலன் வேண்டாம் என்று தடுத்துவிட்டார். அவன் கடைசியாகக் கும்பிட்டுவிட்டுப் போனபோது அவர் கடை முதலாளி பிரபாகரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். இந்தத் திருடனை இனி எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

புதன்கிழமை வேறொருவன் ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனான். பூபாலன் மூன்று கோடுகளையும் உச்சிக்கு ஏற்றி, உட்கார்ந்து கேட்டு, இதல்லவா ஒரிஜினல் என்றார். பட்டறைக்குப் பக்கத்துப் பேக்கரியில் டீ குடிக்கும்போதெல்லாம் திருடனைப் பிடித்த கதையைச் சொன்னார். கேட்டவர்கள் இந்தக் காலத்தில் யாரையும் நம்ப முடியாது என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பட்டறைக்கு ஒரு வேன் வந்தது. வெளிநாட்டுக்குத் துணி வாங்குகிற கம்பெனி, ஆடிட்டுக்காக ஆட்களின் காதைச் சோதிக்கச் சொல்லியிருந்தது. மிஷின் ஓட்டுகிற பதினெட்டுப் பேரில் பெரும்பாலோர் ஒடிசாக்காரர்கள். சோதனையில் தோற்றால் வேலை போய்விடும் என்று பயந்து வேனைச் சுற்றி நின்றார்கள். பயத்தைப் போக்க, முதலில் நானே உட்காருகிறேன் என்று பூபாலன் ஏறினார்.

உள்ளே சண்முகப்பிரியா என்ற பெண் இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் அமுக்கச் சொன்னாள். பூபாலன் முதலில் டக் டக்கென்று அமுக்கினார். பிறகு சத்தம் வருவது குறைந்தது. பிறகு வரவே இல்லை. அவர் காத்திருந்தார். அந்தப் பெண் கருவியில் எதையோ திருகுவதும் இவர் கையைப் பார்ப்பதுமாக இருந்தாள். ரொம்ப நேரமாகிறதே என்று அவர் ஹெட்போனை ஒரு பக்கம் தூக்கினார்.

"ஏம்மா, மிஷின் நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்க சார். சத்தம் போயிட்டேதான் இருக்குது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். பூபாலன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். நின்னு போச்சு பாரு என்று தன் குரலே அந்த ஜன்னலில்லாத அறையில் சொன்னது நினைவுக்கு வந்தது. காதைப் பொத்திய குழந்தையும், தரையைப் பார்த்த அக்காவும் நினைவுக்கு வந்தார்கள்.

சண்முகப்பிரியா ஒரு தாளைக் காட்டினாள். இரண்டு காதுக்கும் இரண்டு கோடுகள் நேராகப் போய், பாதியில் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியிருந்தன. எத்தனை வருஷம் மிஷின் பக்கத்தில் இருந்தீர்கள் என்று கேட்டாள். அவர் சொன்னார். கனத்த சத்தம் கேட்கும், மெலிந்த சத்தம் கேட்காது, பேச்சில் பாதி எழுத்து நழுவிவிடும், இந்த ஊரில் நிறையப் பேருக்கு இப்படித்தான் என்றாள். போன காது திரும்பி வராது, கருவி வைத்துக்கொள்ளலாம் என்றாள். உங்கள் ஆட்கள் காதடைப்பான் போடுகிறார்களா என்றும் கேட்டாள். போடுகிறார்கள் என்று பூபாலன் சொன்னார். காதடைப்பான் பெட்டி ஆபீஸ் பீரோவில் இருந்தது. ஆடிட் வருகிற அன்று மட்டும் வெளியே எடுத்து வைப்பார்கள். கதவருகே அடுத்ததாக நின்றிருந்த ஆளுக்கும் அது தெரியும். பூபாலன் அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டார். சமையலறையில் சித்ராதேவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தமிழ்மதி மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கேட்பதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

"அன்னிக்கு அந்தக் கடைசிச் சத்தம்... உனக்குக் கேட்டுச்சா?"

சித்ராதேவி கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தமிழ்மதிதான் பதில் சொன்னாள்.

"கேட்டுச்சுங்ப்பா."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். குப்பாயி அத்தைக்குக்கூட. காதே கிழியற மாதிரி இருந்துச்சு."

ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கத்திக்கொண்டிருந்தீர்கள், அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்றாள். அப்புறம் சொல்லலாம் என்றிருந்தபோது, நீங்கள் பேக்கரி வரைக்கும் சொல்லிவிட்டு வந்துவிட்டீர்கள் என்றாள். மாற்றி வந்தவையும் அதே ஸ்பீக்கர்கள்தான், பின்பக்கம் வேல்குமார் அண்ணன் பென்சிலில் இடது, வலது என்று எழுதியது அப்படியே இருக்கிறது என்றாள். அவர் மேலே போய்ப் பார்த்தார். இருந்தது.

இறங்கி வந்தபோது தமிழ்மதி படியிலேயே நின்றிருந்தாள். அவர் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று முகத்துக்கு நேராக நின்று பேசினாள்.

"என் குரல்லதான் ஏதோ குறைன்னு நினைச்சிட்டு இருந்தேங்ப்பா. காலேஜ்ல செமினார் எடுக்கச் சொன்னாக்கூட எந்திரிக்க மாட்டேன்."

பூபாலன் படியில் உட்கார்ந்துவிட்டார். 

மறுநாள் காலையில் கடைக்குப் போனார். ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருந்தது, காது போனது எனக்கு என்று சொல்ல வேண்டும். வழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரபாகர் எழுந்து வந்து வரவேற்று, நாற்காலி போட்டு, டீ சொன்னார். இரண்டு குடும்பங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தன. அதில் ஒருவர் பூபாலனுக்குத் தெரிந்த சாயப்பட்டறைக்காரர். அவர் கையசைத்தார். பூபாலன் வாயைத் திறந்தார்.

"அந்தப் பையனை... போனாப் போகுதுங்க. சின்னப் பையன். இந்த ஒரு தடவை மன்னிச்சு வேலைக்கு அனுப்புங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. பிரபாகர் உங்களுக்குப் பெரிய மனசு என்றார். உள்ளே குடோனிலிருந்து வேல்குமாரைக் கூப்பிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவன் வெளிவேலைக்குப் போகவில்லை. பெட்டி பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தான். சட்டையெல்லாம் தெர்மகோல் துகள். சாருக்கு நன்றி சொல் என்றார் பிரபாகர். அவன் பூபாலனை ஒரு நொடி பார்த்தான்.

"நன்றிங்க" என்றான்.

பூபாலன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். காரில் ஏறி வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அன்று தெரியாமல் சொன்னது. இன்று எல்லாம் தெரிந்த பிறகு, அதே பொய்யின் மேல் ஏறி நின்றுகொண்டு பெரிய மனுஷன் வேஷம் போட்டிருக்கிறார். டீ வேறு குடித்துவிட்டு வந்திருக்கிறார். கண்ணாடியில் தன் முகம் தெரிந்ததும் அதைத் திருப்பி வைத்தார்.

மூன்று நாள் பட்டறையைத் தவிர எங்கும் போகவில்லை. அங்கே செய்யக் கூடியது ஒன்று இருந்தது, அதைச் செய்தார். பீரோவிலிருந்து காதடைப்பான் பெட்டியை எடுத்து, முத்திரையைக் கிழித்து, ஒவ்வொரு மிஷினாகப் போய்க் கொடுத்தார். ஒடிசாக்கார ஆபரேட்டர் ஒருவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஆடிட் வருதா சார்?" என்று கேட்டான். இல்லை, தினமும் போட வேண்டும் என்றார். அவன் நம்பாமல் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவரால் அங்கே நிற்க முடியவில்லை.

நான்காம் நாள் கடை திறக்கிற நேரத்துக்குப் போனார். வேல்குமார் வாசலில் லாரியிலிருந்து பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். பூபாலன் அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"தம்பி, அன்னிக்குச் சத்தம் வந்துச்சு. எனக்குத்தான் கேக்கல."

"தெரியுமுங்க."

"ஏன் சொல்லல நீ?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

 வேல்குமார் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான். உங்கள் மகள் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் முன்னால் உங்களுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல மனம் வரவில்லை என்றான். கடைக்கு வந்து முதலாளியிடம் உள்ளதைச் சொன்னானாம். கஸ்டமரையே செவிடு என்கிறாயா என்று அவர் திட்டிவிட்டு, அதே ஸ்பீக்கரைத் துடைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் நான்கு நாளைக்கு முன் டீ வாங்கிக் கொடுத்தபோதும் பிரபாகருக்கு எல்லாம் தெரியும். பூபாலனுக்கு அந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது.

"திருடன்னு சொன்னதைக்கூடப் பொறுத்துக்கிட்டேனுங்க. வந்து மன்னிச்சுட்டுப் போனீங்க பாருங்க, அதுதான் தாங்கல" என்றான் வேல்குமார்.

"நான் என்ன பண்ணோணும், சொல்லு."

"யார் யார் முன்னால சொன்னீங்களோ அவங்ககிட்டச் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

பூபாலன் நேராகக் கடைக்குள் போனார். பிரபாகரிடம் நின்றபடியே சொன்னார். அதெல்லாம் விடுங்கள் சார் என்று பிரபாகர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல் பூபாலனுக்குக் கேட்கவில்லை, அதையும் சொன்னார். கடையில் இருந்த வேலையாட்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று அவர் நினைத்திருந்தார். இறங்கவில்லை. முதுகில் வேர்வை ஓடியது, அவ்வளவுதான்.

பேக்கரியில் சொன்னது இன்னும் கஷ்டமாக இருந்தது. அங்கே சிலர் சிரித்தார்கள். அடுத்த டீக்குக் காத்திருந்த இரண்டு நிட்டிங் ஓனர்கள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருவர் பூபாலன் கார் வரைக்கும் கூடவே வந்து, அந்தக் காது டெஸ்ட் எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு அக்காவையும் முருகேஷ் குடும்பத்தையும் மறுபடி வரவழைத்தார். வேல்குமாரையும் கூப்பிட்டிருந்தார். அவன் வேலைப் பையோடு வந்து, சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லி, மாடி அறையில் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தான். பூபாலன் எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

"இந்தத் தம்பி திருடல. ஸ்பீக்கர் நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குக் காது கேக்கல, அதை ஒத்துக்கத் தெரியாம இவரைத் திருடன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுது."

முருகேஷ் நெளிந்தான்.

"அட, அது எங்களுக்கு அன்னிக்கே தெரியுமுங்க மச்சான். உடுங்க."

வேல்குமார் தலை நிமிர்ந்தான்.

"தெரிஞ்சும் ஒருத்தர்கூட வாயைத் தொறக்கலையேங்க" என்றான்.

அவன் குரலை உயர்த்தவே இல்லை. முருகேஷ் கைப்பேசியை எடுத்து, அதில் பார்க்க ஒன்றுமில்லாமல், திரும்பப் பையில் போட்டான். அனிதா குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். சித்ராதேவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குப்பாயிதான் பேசினாள்.

"எங்க மேலயுந்தான் தப்பு கண்ணு. என் தம்பி மானம் போகுதேன்னு பாத்தோம். உன்னுது போனதைப் பாக்கல."

 வேல்குமார் எழுந்து போய் ரிமோட்டை எடுத்தான். திரையில் ஒன்பது கோடுகளும் வந்தன. கடைசி மூன்றையும் ஒவ்வொரு படியாக இறக்கினான். குத்துகிறதா என்று குழந்தையைக் கேட்டான். அது இல்லை என்று தலையாட்டியது. அந்த அமைப்பை வீட்டுக்கென்று சேமித்தான். பூபாலன் தனியாகப் பார்ப்பதற்கு ஒரு ஹெட்போனை இணைத்து, ஏற்றிய அமைப்பு ஒன்றையும் தனியாகச் சேமித்து, இரண்டுக்கும் எந்தப் பொத்தான் என்று தமிழ்மதிக்குக் காட்டினான்.

படம் போட்டார்கள். பூபாலனுக்கு எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. எப்படி இருக்கிறது என்று சித்ராதேவி கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார்.

"எனக்குப் பாதி புரியல. நீங்க பாருங்க" என்றார்.

தமிழ்மதி அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று இடையிடையே சொன்னாள். சிலது அவருக்கு விளங்கியது. விளங்காததை அவர் மறுபடி கேட்டார், அவள் மறுபடி சொன்னாள். கோயம்புத்தூரில் காது டாக்டரைப் பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். கூட நானும் வருகிறேன் என்று அவள் சொன்னதை முதல் தடவையிலேயே அவர் புரிந்துகொண்டார்.

வேல்குமார் படம் முடிகிற வரைக்கும் இருக்கவில்லை. பூபாலன் அவனோடு கேட் வரைக்கும் இறங்கி வந்தார். திங்கட்கிழமையிலிருந்து அவனைப் பழையபடி வெளிவேலைக்கு அனுப்புகிறார்கள் என்று பிரபாகர் சொல்லியிருந்தார். அதைப் பற்றிப் பேசலாமா என்று யோசித்து, அதுவும் தான் வாங்கிக் கொடுத்தது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டார். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பினான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னவோ சொன்னான்.

பழைய பூபாலனாக இருந்தால் சரி சரி என்று தலையாட்டியிருப்பார்.

"என்ன தம்பி? எனக்குக் கேக்கல."

வேல்குமார் எஞ்சினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். அவர் முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னான்.

"ஸ்பீக்கர் பின்னால ஒயர் கொஞ்சம் நீட்டிட்டு இருக்குதுங்க. குழந்தை காலு தட்டாமப் பாத்துக்கங்க."

பூபாலன் சரி என்றார். அவன் மறுபடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவர் கேட்டைச் சாத்திவிட்டு, ஒயரைப் பார்க்க மாடிக்கு ஏறினார்.